பொருட்காட்சியில் கை நனைத்தது

சாப்பாட்டுக் கடை வரிசைக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். ஒருவரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

தீவுத்திடலில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு. இன்னும் முழுசாக இருட்டவில்லை. அதற்குள் நுழைவாயிலின் கலர் பல்புகளைப் போட்டுவிட்டார்கள். கடலை எண்ணெய் காய்கிற வாசனையும், காற்று திரும்பும்போதெல்லாம் கூவத்தின் வாசனையும் மாறி மாறி வந்தன. காணாமல்போன பிள்ளைகளின் பெயர்களை ஒலிபெருக்கி படித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் பக்கம் மூன்று பேர்: நான், அம்மா, அம்மாவின் தம்பி குமரேசன் மாமா. எதிர்ப்பக்கம் ஐந்து பேர்: மந்தைவெளியிலிருந்து வந்த சங்கரலிங்கம், அவருடைய மூத்த மகள் கோமதி, அவளுக்குப் பின்னால் பிறந்த மூன்று பிள்ளைகள். வள்ளிக்குப் பத்து வயசு. மணிக்கு எட்டு. நாலு வயசுக் கடைக்குட்டியின் பெயர் ஆவுடையம்மாள். அந்தப் பெயரைத் தூக்கிச் சுமக்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்ததால் எல்லோருக்கும் அவள் பேபி.

நாங்கள் பெண் பார்க்க வந்திருந்தோம். மாப்பிள்ளை நான்தான்.

எங்கே சாப்பிடுவது என்பதுதான் அங்கே கேள்வி. கேட்க சாதாரணமாக இருக்கிறது. ஆனால் அந்த எட்டுப் பேரில் பெரியவர்கள் ஐந்து பேருக்கும் அது சாதாரணக் கேள்வி இல்லை என்று தெரியும். எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

கை நனைப்பது

இன்றைய பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி, கேசரி, காப்பியோடு எழுந்துவிடுவார்கள். சோறு சாப்பிட மாட்டார்கள். "கை நனைக்க வேண்டாம்" என்பார்கள். சம்பந்தம் பிடித்து, பேசி முடித்த பிறகுதான் அந்த வீட்டில் இலை போட்டு உட்காருவது. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு அப்புறம் பின்வாங்கினால் அது பெரிய மரியாதைக் குறைவு.

வீட்டில் பார்ப்பதென்றால் இதில் குழப்பமே இல்லை. ஆனால் சங்கரலிங்கம் பொருட்காட்சிக்கு வரச் சொல்லியிருந்தார். அவர் தட்டச்சு மெஷின் பழுது பார்க்கிறவர். மவுண்ட் ரோடு ஆபீஸ்களில் ஏறி இறங்குகிற வேலை; விரல் நுனிகளில் ரிப்பன் மை ஊதாவாக எப்போதும் ஒட்டியிருக்கும். மனைவி தவறி மூன்று வருஷம். வீட்டில் இருந்தது ஓர் அறை. அதில் இத்தனை பேரை உட்கார வைக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, பிள்ளைகளும் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள், பார்த்த மாதிரி இருக்கும் என்று மாமாவிடம் சொல்லி அனுப்பினார்.

மாமா சிந்தாதிரிப்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். எதையும் முன்கூட்டியே யோசிப்பார். பொருட்காட்சியில் ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்து, பெண்ணின் அப்பா வாங்கிக் கொடுத்துச் சோறு சாப்பிட்டால் அது கை நனைத்ததாகுமா என்று ஒரு வாரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நின்றுகொண்டு தின்பது எதுவும் கணக்கில்லை. உட்கார்ந்து இலையில் சாப்பிட்டால் கணக்கு.

பந்தியில் ஒருவன்

எங்கே சாப்பிடலாம் என்று யாரும் என்னைக் கேட்டதே கிடையாது. அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா தி.நகரில் தையற்காரர்களுக்கு ரவிக்கைக் கொக்கி கட்டிக் கொடுத்து என்னை வளர்த்தாள். ஓட்டல் என்பது எங்களுக்கு வாசலோடு சரி. பள்ளி இறுதி முடித்ததும் உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்தேன். கடை மாடியில் ஊழியர்களுக்கு மெஸ் உண்டு. நீளப் பலகையில் வரிசையாக உட்காருவோம். வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பந்திக்கு இடம் விடவேண்டும்.

அங்கே எனக்குச் சேலைப் பிரிவு. சேலை விற்கிறவன் சேலையைப் பார்ப்பதைவிட முகத்தைத்தான் அதிகம் பார்ப்பான். பெண்கள் கூட்டமாக வருவார்கள். ஒருத்திக்கு ஒரு சேலை பிடித்திருக்கும். கை அதன்மேல் ஒரு கணம் கூடுதலாக நிற்கும். பிறகு கூட வந்தவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வாள். நாங்கள் பேசாமல் மடித்து வைப்போம்.

அந்தக் கண் எனக்குப் பொருட்காட்சி வாசலிலேயே வேலை செய்துவிட்டது. கோமதி கட்டியிருந்தது அரக்குப் பட்டு. மடிப்பு விழுந்த கோடுகளில் மட்டும் நிறம் வெளுத்திருந்தது. ரொம்ப நாள் எடுக்காமல் பெட்டிக்குள் இருந்த சேலை அப்படித்தான் ஆகும். இறந்துபோன அவள் அம்மாவுடைய சேலை என்று புரிந்தது. அதன்மேல் பேபியை இடுப்பில் வைத்திருந்தாள். பெண் பார்க்க வருகிறார்களே என்று குழந்தையை இறக்கிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று.

குடை ராட்டினம்

மாமா அன்றைக்கு ரொம்ப முற்போக்காக இருந்தார். ரெண்டு பேரும் பத்து நிமிஷம் பேசட்டும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி, ஓர் அரசுத் துறை அரங்கின் படியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

வள்ளியையும் மணியையும் குடை ராட்டினத்தின் மரக் குதிரைகளில் ஏற்றிவிட்டோம். பேபி இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்றாள். ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது.

கோமதிதான் முதலில் பேசினாள்.

"உங்ககிட்ட ஓர் உதவி கேக்கணும்."

குதிரைகள் எங்கள் பக்கம் வந்தன. பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு பிள்ளைகளுக்கும் கை ஆட்டினாள். அவர்கள் கடந்து போனதும் தொடர்ந்தாள்.

"பொண்ணைப் பிடிக்கலன்னு சொல்லிடுங்க. நான் வேணாம்னா அப்பா தாங்கமாட்டாரு. தன்னாலதான்னு நினைச்சுக்குவாரு."

மறுபடி குதிரைகள். மறுபடி கை.

ஏன் என்று கேட்டேன். அவள் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாகத்தான் சொல்ல முடிந்தது. மணிக்கு மூச்சிழுப்பு, மேகம் போட்டாலே அவன் முதுகை நீவிவிட ஆள் வேண்டும். வள்ளிக்குத் தன் சடையைத் தானே பின்னத் தெரியாது. அப்பா காலையில் போனால் விளக்கு வைத்துத்தான் வருவார்.

"இதுக்கு எங்க அம்மா முகமே தெரியாது" என்று பேபியின் தலையைத் தொட்டாள். "என்னைத்தான் தெரியும். நான் தி.நகருக்கு வந்துட்டா இது என்ன பண்ணும்?"

அவள் சொன்னதில் ஒன்றைக்கூட இல்லை என்று சொல்ல முடியாது. சரி, அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. ராட்டினம் நின்றது. பிள்ளைகள் தலை சுற்றிக்கொண்டு வந்து எங்கள் மேல் இடித்தார்கள். மணி இறங்கிய உடனே பசிக்குது என்றான்.

எட்டுப் பேர், மூன்று கடை

அப்படித்தான் சாப்பாட்டுக் கடை வரிசைக்கு வந்து நின்றோம்.

முதலில் டெல்லி அப்பளக் கடை. ஆள் முகத்தைவிடப் பெரிய அப்பளத்தை எண்ணெயிலிருந்து எடுத்து, மிளகாய்ப் பொடி தூவி, பிள்ளைகளின் இரண்டு கையிலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்தது பஜ்ஜிக் கடை. கடைசியாகத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்ட ஒரு சைவ ஓட்டல். உள்ளே பெஞ்சு, மேசை, வாழை இலை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்காகப் பூப்போட்ட திரை போட்டு ஒரு மூலையைத் தனியாக மறைத்திருந்தார்கள்.

"யக்கா, இம்மாம் பெரிசு கீது பாரு" என்றான் மணி, அப்பளத்தைக் காட்டி. வள்ளி அவனைக் கிள்ளினாள். இன்றைக்கு எதுவும் கேட்கக்கூடாது என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வந்திருப்பார்கள் போல.

மாமா உடனே அப்பளம் பக்கம் சாய்ந்தார். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், ஆளுக்கொன்று வாங்கி அப்படியே நடந்துகொண்டே சாப்பிடலாம் என்றார். சங்கரலிங்கம் அம்மாவைப் பார்த்து, உள்ளே போய் உட்கார்ந்தால் வசதியாக இருக்கும், சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன் என்றார். அவர் கேட்டது சோற்றைப் பற்றி இல்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. எனக்கு எதுவானாலும் சரி என்றேன். கோமதியின் பார்வை என் முகத்தில் ஒரு தடவை பட்டுவிட்டுப் போயிற்று.

அம்மா இவ்வளவு நேரமும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று பேபியின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளைக பசில நிக்கு. வாங்க, உள்ள போயி உக்காருவோம்."

மாமா அவள் பக்கத்தில் குனிந்து, இது வெறும் சாப்பாடு இல்லை, யோசித்துக்கொள் அக்கா என்று முணுமுணுத்தார்.

"எனக்குத் தெரியாதாலே" என்று சொல்லிவிட்டு அம்மா பந்தலுக்குள் போனாள்.

சங்கரலிங்கத்தின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. மனுஷர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்ப் பெஞ்சைத் துண்டால் துடைத்தார். இலை போடச் சொன்னார். தண்ணீர் தெளித்து அம்மாவின் இலையைத் தானே துடைத்து வைத்தார். பொரியல் வந்தது. கூட்டு வந்தது. சோறு வந்தது. அம்மா கையை இலைப்பக்கம் கொண்டுபோனாள்.

"அம்மா, வேண்டாம்" என்றேன்.

அம்மா கை நின்றது.

"கை நனைக்க வேண்டாம்மா."

பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறவனுக்குப் பெருமையாக இருக்கும் என்பார்கள். எனக்கு நாலு பேர் நடுவில் ஓர் ஏழையை அடித்த மாதிரி இருந்தது. கோமதியாவது நிம்மதி அடைந்திருப்பாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் மணியின் இலையை நேராக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே நேராக இருந்த இலை அது.

முதலில் பேசியது சங்கரலிங்கம்தான்.

"அதனால என்ன தம்பி. பிள்ளைங்க சாப்பிடட்டும். நீங்க ஒரு கலராவது குடிங்க."

நானும் மாமாவும் எழுந்து வெளியே வந்து பந்தல் கயிற்றின் அருகில் நின்றோம். சங்கரலிங்கம் சோடாக்காரனிடம் இரண்டு கலர் சோடா வாங்கிக் கொடுத்தனுப்பினார். என்னால் குடிக்க முடியவில்லை. திரையின் விலகிய இடைவெளியில் உள்ளே நடப்பது தெரிந்தது.

அம்மா எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட ஆரம்பித்தார்கள். மணி ரசத்தைக் கவிழ்த்து மடியில் கொட்டிக்கொண்டான். கோமதி அவனைத் துடைக்க எழுந்தாள். இறக்கிவிடப்பட்ட பேபி அழுதாள். வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். அம்மா அவளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் இலையிலிருந்த சோற்றில் மோரை விடச்சொல்லி, நன்றாகப் பிசைந்து, உருட்டி, "ஏட்டி, இங்க பாரு" என்று ஒரு வாய் கொடுத்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாங்கிக்கொண்டது. பிறகு இன்னொரு வாய். அந்த இலையில் இருந்த சோறு முழுவதும் தீரும்வரை அம்மா ஊட்டினாள். ஒரு பருக்கை தன் வாயில் போடவில்லை.

கை கழுவிவிட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றாள். முழங்கைவரை ஈரம்.

"என் கை நனைஞ்சாச்சு" என்றாள்.

ஊட்டினால் கணக்கா?

மாமாவுக்கு இது பெரிய சட்டப் பிரச்சினையாகிவிட்டது. ஊட்டியது கை நனைத்ததாகாது, சாப்பிட்டால்தான் ஆகும் என்று மறுநாள் வந்து சாதித்தார். அம்மா கொக்கி கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

பெண்ணைப் பிடிக்கவில்லை என்று நான் சொன்னேன். ஏன் என்றாள். சும்மாதான் என்றேன். நாலு நாள் அப்படியே போயிற்று. கடைக்குப் போனேன், சேலை விரித்தேன், மடித்தேன். அரக்குப் பட்டு எதுவும் என் பக்கம் வந்தால் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை அம்மா கேட்டாள்.

"பிடிக்கலன்னா, அந்தக் குதிரைல சுத்தி வந்த பிள்ளைகளுக்கு நீ எதுக்குலே கை காட்டிட்டு நின்ன?"

நான் கை காட்டினேனா? எனக்கே தெரியாது. அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். சுற்று வரும்போதெல்லாம் அந்தப் பெண்ணோடு சேர்ந்து நானும் கை காட்டினேனாம்.

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. கோமதி கேட்டதைச் சொன்னேன். அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அவ உன்னை வேண்டாம்னா சொன்னா? பிள்ளைகளை விட்டுட்டு வர முடியாதுன்னுல்லா சொல்லியிருக்கா. ரெண்டும் ஒண்ணாலே?"

வீடு பார்க்கப் போனவள்

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா தனியாக மந்தைவெளிக்குப் போனாள். பஸ் எண் தெரியாது; கண்டக்டரிடம் கேட்டுக் கேட்டுப் போனாள். சங்கரலிங்கம் வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, அவள் அந்த வீட்டு வாசல்படியை மிதிக்கவே இல்லை.

அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறது, குழாயடி பக்கம், வெளிச்சம் நன்றாக வருகிறது, கொக்கி கட்டத் தோதாக இருக்கும் என்றாள். அந்தப் பெண்ணால் வர முடியாது என்றால் நாம் போவோம் என்றாள். கத்திரிக்காய் வாங்கப் போவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பதினைந்து வருஷம் இருந்த இடம் எங்களுக்கு அந்தத் தி.நகர்த் தெரு. பக்கத்துப் போர்ஷனில் இருந்த ஷம்ஷாத் அக்கா அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி. அப்பா இறந்தபோது எங்களுக்குப் பத்து நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள். சாமான் ஏற்றிய அன்றைக்கு ஷம்ஷாத் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா வண்டிக்காரனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். அதன்பிறகு வாரம் ஒரு நாள், கொக்கி வேலை வாங்கும் சாக்கில், அம்மா தி.நகருக்குப் போய்வருவாள். புது இடம் பிடிக்கவில்லை என்று ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை.

மாமாதான் குதித்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண் வீட்டைத் தேடிக் குடிபோவதா, வீட்டோட மாப்பிள்ளை என்று ஊர் சிரிக்காதா என்றார். பிறகு கல்யாணம் கூடிவந்து, மயிலாப்பூர்க் கோயிலில் நான் தாலி கட்டியபோது வந்து முன்வரிசையில் நின்றார். அட்சதை போட்டார். சாப்பிடாமல் போய்விட்டார். அவர் சமாதானமாக இரண்டு வருஷம் ஆயிற்று.

வீடு மாறிய பிறகுதான் அம்மா சங்கரலிங்கத்தைப் பார்க்கப் போனாள், வெற்றிலை பாக்கோடு. நானும் கூடப் போனேன். கோமதி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டாள். அடுத்த தெருவிலா, எந்த வீடு, எத்தனை நாளாக என்று மூன்று கேள்வி கேட்டாள். பிறகு உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வள்ளி எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா அழுவுது நைனா" என்று அப்பாவிடம் வந்து சொன்னாள்.

அதற்கப்புறம் இரண்டு தெருவுக்கும் நடுவில் அந்தப் பிள்ளைகள் நாளைக்கு முப்பது தடவை ஓடினார்கள். ஒரு மழைக்காலத்தில் மணிக்கு இழுப்பு வந்தபோது நான் முதுகு நீவக் கற்றுக்கொண்டேன்.

அடையாறு பஸ் நிறுத்தம்

எழுபதுகள் முடியப்போகிற சமயம். வள்ளியை ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டு, நானும் கோமதியும் அடையாறு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் வளர்த்த முதல் பிள்ளை வீட்டை விட்டுப் போன நாள் அது. கண் சிவந்திருந்தது. பேச்சை மாற்றலாம் என்று, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். முன்பின் தெரியாத என்னிடம் போய் அன்றைக்கு அப்படியோர் உதவி கேட்க எப்படித் தைரியம் வந்தது?

"உங்ககிட்ட மட்டுமா கேட்டேன்" என்றாள். "உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேர்கிட்டயும் அதையேதான் கேட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்றேன்.

"சரின்னாங்க. அப்பாடான்னு போயிட்டாங்க. நீங்களும் சரின்னுதான் சொன்னீங்க. ஆனா அதுக்கப்புறம், வேற வழியே இல்லையான்னு ஒண்ணு கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

"சொல்றதுக்குள்ள ராட்டினம் நின்னுடுச்சு."

நான் அப்படிக் கேட்டதாக எனக்கு இன்றுவரை நினைவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். அவள் மட்டும் அந்த இடத்தில் அசைந்து கொடுப்பதே இல்லை. கேட்டேன் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.